லியோன் சிஸ்டர்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் அன்றைக்குக் கூச்சல் கொஞ்சம் அதிகம். விலை ஏறியிருந்தது. வண்டிகள் மெயின் ரோடு வரை வரிசைகட்டி நின்றன. லியோன் தன் மினி வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிச் சந்துக்குள் நுழைத்து நிறுத்திவிட்டு, தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடுகளை இறக்கத் தொடங்கினான். இருபது வயதுப் பையன். கட்டான உடம்பு. ஊர்க் கபடி அணியில் ஏறிப் பாடிப் போகிறவன் அவன்தான். மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கும் கிரேடை அவன் இரண்டிரண்டாகத் தூக்குவான். யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மூன்று.

அப்படி மூன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதுதான், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த வரிசை சரிந்தது. லியோன் விலகப் பார்த்தான். கீழே நசுங்கிக் கிடந்த பழத்தில் கால் வழுக்கியது. அவன் விழ, கிரேடுகள் அவன் காலின் மேல் விழுந்தன.

முழங்காலிலிருந்து பாதம் வரை சிவப்பாக வழிவதைப் பார்த்து நாலு பேர் "ரத்தம், ரத்தம்" என்று கத்தினார்கள். ஒரு அம்மா மயக்கம் போடுகிற மாதிரி தூணைப் பிடித்துக்கொண்டார். அத்தனையும் தக்காளி. ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. எலும்பு மட்டும் உள்ளுக்குள்ளேயே முறிந்திருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. வலிக்கு ஊசி போட வேண்டும் என்று சொன்னதும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த லியோன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"மாத்திரையா ஏதாச்சும் இருந்தா குடுங்களேன்ணா."

எதிரணி ஏழு பேருக்கு நடுவே ஒற்றை ஆளாகப் போய்வருகிறவனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மதிலேறிக் குதித்துக் கரும்புக் காட்டுக்குள் போய்விடுவான். அவன் அப்பா வியாகுலம் தேடிப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். இப்போது குதிக்க மதிலும் இல்லை, காலும் இல்லை. ஊசி போட்டார்கள்.

தருமபுரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு முறிவு வார்டில், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. துணைக்கு அம்மா பாக்கியமேரி. வலியெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். லியோனுக்குக் கவலை வலியைப் பற்றியே இல்லை. வேறொன்றைப் பற்றி.

இடது காலைக் கீழே ஊன்றக் கூடாது, கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் எல்லாமே கட்டிலில்தான். வார்டில் இருந்த நர்சுகள் எல்லாரும் பெண்கள். உதவிக்கு இருந்த ஆண் பணியாளர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். அம்மாவிடம் கேட்கலாம். ஆனால் மீசை முளைத்த பிறகு அம்மாவிடம் கேட்கிற காரியமா அது?

லியோன் ஒரு வழி கண்டுபிடித்தான். சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தண்ணீரும் குடிப்பதில்லை.

"ஒரு வாய் சாப்புடு கண்ணு. ஒனக்குப் புடிச்ச கோழிக் கொழம்பு, வூட்லேர்ந்து கொண்டாந்தேன்."

"பசிக்கலம்மா."

சொல்லும்போதே வயிறு இரைந்தது. பாக்கியமேரி அதைக் கேட்டு, மகன் மனசு உடைந்துபோயிருக்கிறான் என்று தனியாக வராந்தாவில் நின்று ஜெபமாலை உருட்டினார்.

அன்று பகல் டியூட்டிக்கு வந்த நர்ஸ் நிர்மலா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். தருமபுரிக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். லியோனின் உதட்டைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி குடிச்சீங்களா லியோன்?"

"தாகமே இல்லீங்க சிஸ்டர்."

"தாகம் இல்லையா, இல்ல பெட்பேன் கேக்க வெக்கமா?"

லியோன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மட்டும் சிவந்துபோனது தெரிந்தது. நிர்மலா மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கியமேரியை அழைத்து, கேன்டீனில் போய் இளநீர் வாங்கி வரச் சொன்னார். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினார். பிறகு, கையுறையை மாட்டிக்கொண்டே, "நேத்து டிவியில கபடி பாத்தீங்களா? கடைசி ரெய்டுல அந்த ஆள் போனஸ் எடுக்கப் போயிருக்கவே கூடாது. மாட்டிக்கிட்டான்" என்றார்.

"இல்லீங்க, அவன் போனது சரிதான். டிஃபென்ஸ்ல கார்னர் நவுந்துட்டான்ல..."

லியோன் அந்த கார்னர்காரனைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே நிர்மலா செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத் திரைக்கு வெளியே போயிருந்தார். அங்கிருந்தபடியே கேள்வி கேட்டார், அவன் இங்கிருந்தபடியே பதில் சொன்னான். எல்லாம் முடிந்து, துடைத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு அவர் போனபோதுதான் லியோனுக்கு உறைத்தது. இவ்வளவுதானா? இதற்காகவா கோழிக் குழம்பை வேண்டாம் என்றோம்?

பாக்கியமேரி இளநீரோடு வந்தபோது, மகன் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். ஜெபமாலையை எடுத்து முத்தமிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த கொஞ்ச நாளில் பக்கத்துக் கட்டிலுக்கு நஞ்சப்பன் வந்தார். மாரண்டஹள்ளிப் பக்கத்து விவசாயி, எழுபதைத் தாண்டியவர். மாடு இழுத்ததில் வரப்பிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ரத்த அழுத்தம் சரியான பிறகுதான் ஆபரேஷன் என்று படுக்க வைத்திருந்தார்கள். மகனுக்கு ஓசூரில் வேலை. துணைக்கு மருமகள் பானுமதி மட்டும். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். நஞ்சப்பன் வெளியாட்களோடு தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

பானுமதி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் நிர்மலா சாப்பாட்டுத் தட்டோடு வந்தார்.

"ஐயா, கொஞ்சம் சாப்பிடுங்க."

"பேடா" என்றார் நஞ்சப்பன்.

"முதல்ல சாதம் சாப்பிடுங்க."

"பேடா!"

"சரி, பால் மட்டும்?"

"பேடம்மா, பேடா, பேடா!"

நிர்மலா தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் டியூட்டிக்கு வரும்போது கையில் ஒரு சின்ன இனிப்புப் பெட்டி. நஞ்சப்பனுக்கு முன்னால் திறந்து வைத்தார். உள்ளே வட்ட வட்டமாகப் பால் பேடா.

"உங்களுக்காகத்தான் வாங்கிட்டு வந்தேன். சர்க்கரை இல்லேன்னு ரிப்போர்ட் பாத்துட்டேன். ஒண்ணு சாப்பிட்டுட்டு அப்புறம் சாதம். சரியா?"

நஞ்சப்பன் பெட்டியைப் பார்த்தார், நிர்மலாவைப் பார்த்தார்.

"இதுவும் பேடா" என்றார்.

லியோன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. காலில் வலி எடுத்தும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "சிஸ்டர், அவரு ஸ்வீட்டு கேக்கலைங்க. கன்னடத்துல பேடான்னா வேணாம்னு அர்த்தம்!"

வார்டே சிரித்தது. பேடா கட்டில் கட்டிலாகப் போனது. நிர்மலாவும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "அப்ப நேத்திலேருந்து இவர் எல்லாத்தையும் வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரா?"

ஏன் என்று யாரும் லியோனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நஞ்சப்பனின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டிலை மூடிகூடத் திறக்காமல் தலையணைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். மருமகளிடம் எப்படிக் கேட்பது? பேத்தி வயதில் இருக்கிற நர்சிடம் எப்படிக் கேட்பது? நிர்மலா திரையைக் கையில் பிடித்ததுமே, "பொண்ணு புள்ள கையாலயா? செத்தாலும் பேடா" என்று கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். கபடிப் பேச்சு அவரிடம் எடுபடவில்லை.

லீவில் போன ஆண் பணியாளர் இன்னும் திரும்பியிருக்கவில்லை. லியோனுக்கு அப்போது வாக்கர் கொடுத்திருந்தார்கள். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வார்டுக்குள் நடக்கலாம். அவன் நிர்மலாவிடம் போனான்.

"சிஸ்டர், நான் பண்ணட்டுங்களா?"

நிர்மலா யோசித்தார். பிறகு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நஞ்சப்பன் கட்டிலருகே போட்டார். கை கழுவ வைத்தார், கையுறை கொடுத்தார். "நான் திரைக்கு இந்தப் பக்கமே நிக்கறேன். நான் சொல்றத மட்டும் செய்யணும். இடுப்பு அசையவே கூடாது."

திரை மூடியது. உள்ளே நஞ்சப்பன், ஸ்டூலில் லியோன். வெளியே நிர்மலாவின் குரல்.

"நல்ல காலை மட்டும் மடக்கச் சொல்லுங்க. மேல தொங்கற கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு அவரே லேசா எழும்பட்டும். நல்ல கால் பக்கத்துலேருந்து பெட்பேனை உள்ள தள்ளுங்க. தள்ளிட்டீங்களா?"

"ஏம்மா, இன்னும் சத்தமா சொல்லு, பாலக்கோடு வரைக்கும் கேக்கட்டும்!" என்றார் நஞ்சப்பன்.

லியோன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரித்தால் பெட்பேன் நழுவிவிடும். தன் கை இவ்வளவு மெதுவாக அசையும் என்று அவனுக்கே அதுவரை தெரியாது. மூன்று கிரேடை ஒன்றாகத் தூக்கிய கை, ஒரு கிழவரின் இடுப்புக்கடியில் சத்தமில்லாமல் நுழைந்து தாங்கிக்கொண்டது. நஞ்சப்பனின் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை அவன் பார்த்தான். தளர்ந்து, கண்ணோரம் ஈரமாகி, "சாமி..." என்று ஒரு பெருமூச்சு வந்தது. லியோன் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மரத்தில் காக்கை கூடு கட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

அன்றும் கீழே போயிருந்த பானுமதி திரும்பி வந்தபோது நஞ்சப்பன், "களி இருக்குதா?" என்று கேட்டார். இரண்டு ராகிக் களி உருண்டையும் கீரைக் குழம்பும் போன இடம் தெரியவில்லை. பானுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று லியோனுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

விஷயம் வார்டில் பரவிவிட்டது. மூலையில் இருந்த லாரி டிரைவர் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டார். எதிர்க்கட்டில் மேஸ்திரி, "தம்பி, கொஞ்சம் இப்பிடி வாங்க" என்றார். எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதான். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நிர்மலா கூடவே நின்று, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லியோனுக்கு மாலையில் உடம்பெல்லாம் வலிக்கும். ஆனால் கபடி ஜெயித்த அன்றுகூட இப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை.

அவனை டிஸ்சார்ஜ் செய்த அன்று, நஞ்சப்பன் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். போய்ச் சொல்லிக்கொண்டான்.

"நீ வூட்டுக்குப் போயிட்டா எனக்கு யாரு சாமி இருக்கறா?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார்.

லியோன் வாக்கரை ஊன்றி வெளியே வந்தான். வராந்தாவில் நிர்மலாவைப் பார்த்து, "ஏன் சிஸ்டர், இதுக்குன்னு ஒரு ஆம்பள நர்ஸ வெக்கக் கூடாதா?" என்று சண்டைக்கு வருகிற மாதிரி கேட்டான்.

"வெக்கலாமே. படிச்சிட்டு வந்தா வேலை குடுப்பாங்க."

"ஆம்பளைங்க படிக்கலாமா?"

"யார் வேண்டாம்னா? நீங்க பிளஸ் டூல என்ன குரூப்பு?"

அறிவியல் குரூப்புதான். வேறு குரூப்பில் இடம் இல்லை என்று அதில் சேர்த்துவிட்டிருந்தார்கள். மார்க் சுமார். அதன் பிறகு புத்தகத்தைத் தொடாமல் வண்டிச் சாவியைத் தொட்டவன் அவன். அம்மாவோடு ஊருக்குப் போகிற வழியெல்லாம் பேசாமல் வந்தான். வீட்டுக்குள் கால் வைத்ததும் சொல்லிவிட்டான்.

வியாகுலம் வாயில் வைத்த காப்பியை விழுங்க மறந்தார்.

"நர்சா? பொண்ணுங்க வேலைடா அது. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்பா. சிரிக்கறவங்களுக்கும் ஒரு நாளைக்குக் கால் ஒடையும்."

"ஊசின்னா மதிலேறிக் குதிச்சவன் நீ. ஒன்னத் தூக்கியாந்து என் தோளு இன்னும் வலிக்குது. நீ போயி ஊசி போடுவியா?"

கபடித் தோழன் குமார் அன்று சாயந்திரமே வந்து, "மச்சான், தலையில கொண்டை போட்டுத் தொப்பி வெக்கணுமாமே?" என்று கேட்டுவிட்டுப் போனான். வியாகுலம் வாரக்கணக்கில் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாக்கியமேரி மட்டும், "நான் பாத்தேங்க, அந்தக் கெழவரு சாப்புட்டத" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

மாம்பழக் காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் ஒன்று நின்றது. ஒரு கையில் தடி, மறு கையில் மருமகள் தோள் என்று நஞ்சப்பன் இறங்கினார். பின்னால் அவர் மகன் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தான்.

நஞ்சப்பனும் வியாகுலமும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்த்த உடனே தக்காளியைப் பற்றி ஆரம்பித்தார்கள். எந்த நாற்று, எந்த உரம், இந்தத் தடவை இலைச் சுருட்டல் எவ்வளவு என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. லியோன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். காப்பி வந்தது.

"பையன் என்னாங்க படிக்கப் போறான்?" என்றார் நஞ்சப்பன்.

வியாகுலம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நர்சிங்குங்கறான். ஆம்பளப் பையன் போயி..."

"ஆம்பளப் பையங்கறதாலதாங்க நான் இன்னைக்கு உசுரோட ஒங்க வூட்டுக் காப்பியக் குடிக்கறேன்."

வியாகுலம் டம்ளரைக் கீழே வைத்தார். சொட்டு நீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். பேச்சு மறுபடி தக்காளிக்குப் போய்விட்டது. ஆனால் கார் கிளம்பிய பிறகு, கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து மகனிடம் நீட்டி, "காலேஜு எப்பத் தொறக்கறாங்க?" என்றார்.

சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். கொண்டையும் இல்லை, தொப்பியும் இல்லை; வெள்ளைச் சட்டையும் பேன்ட்டும்தான். அதைப் போட்டோ எடுத்துக் குமாருக்கு அனுப்பி வைத்தான்.

மாணவர்களை வார்டுக்கு அனுப்புவதற்கு முன் எல்லாருக்கும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டார்கள். லியோன் வரிசையில் முதலில்தான் நின்றான். "லேடீஸ் ஃபர்ஸ்ட்" என்று ஒருத்திக்கு வழிவிட்டான். அடுத்து இன்னொருத்திக்கு. வழிவிட்டு வழிவிட்டுக் கடைசி ஆளானான். பிறகு பஞ்சின் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே மெதுவாகச் சாய்ந்தான். கண் விழித்தபோது, கூடப் படிக்கும் ஜெனிஷா தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"போட்டாச்சா?" என்றான்.

"நீ விழுந்ததும் போட்டுட்டாங்க. உனக்கு இப்படித்தான் சரிப்படும்."

ஜெனிஷா இன்று அவன் மனைவி. பெண் கேட்டுப் போனபோது இந்தக் கதையை அவளே தன் வீட்டில் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

ஊசி பயம் லியோனுக்கு இன்றும் போகவில்லை. தனக்குப் போட்டால்தான் பயம், பிறருக்குப் போடும்போது இல்லை. போடும்போது பேச்சுக் கொடுப்பான், பேச்சு பாதியில் இருக்கும்போதே ஊசி முடிந்திருக்கும். தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை. இடது கால் குளிர்காலத்தில் லேசாக வலிக்கும். அதைப் பொருட்படுத்துகிற ஆள் இல்லை. புதிதாக யாராவது வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்க மாட்டான். திரையை இழுத்து மூடிவிட்டு, "எந்த ஊருங்க? மழை உண்டுங்களா?" என்று ஆரம்பிப்பான்.

அவனை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் நோயாளிகளுக்குக் குழப்பம். சிலர் டாக்டர் என்பார்கள், அவன் திருத்துவான். சிலர் பிரதர் என்று சொல்லிப் பார்ப்பார்கள், வாயில் வராது. அவசரத்தில் பாதிப்பேர் "சிஸ்டர்!" என்றே கத்துவார்கள். அவனும் "இதோ வந்துட்டேங்க" என்று ஓடுவான். ஒரு நாள் கடத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க லியோன் சிஸ்டர்" என்று மனமுருகச் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் நின்றுவிட்டது. முதலில் அதைச் சொல்லி உரக்கச் சிரித்தவன் குமார். போன வருஷம் தோள்பட்டை நழுவி வார்டுக்கு வந்தபோது, "சிஸ்டர், தண்ணி" என்று அவனே கேட்டான்.

லீவு நாளில் ஊருக்கு வந்தாலும் லியோனுக்கு லீவு கிடையாது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக வருவார்கள். ஒருவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டும், ஒருவருக்குப் புண்ணில் கட்டு மாற்ற வேண்டும், ஒருவருக்கு மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்ல வேண்டும். வியாகுலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைத்து, "ஒவ்வொருத்தரா வாங்க, எங்கூட்டுப் பையன் எங்கியும் போயிட மாட்டான்" என்று வரிசைப்படுத்துவார். நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்றால் லியோன் கையே வைக்க மாட்டான். அப்போதே வண்டி ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவான்.

இந்தப் பொங்கலுக்கு முந்தின ஞாயிறு எல்லாரும் போன பிறகு, பாக்கியமேரி இட்லியைத் தட்டில் வைத்தார். லியோன் ஒரு விள்ளல் எடுத்திருப்பான், நாலு வீடு தள்ளி இருக்கும் காசியம்மாள் ஆட்டைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆடு ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடந்தது.

"முள்ளு குத்திக்கிச்சு லியோனு. கொஞ்சம் பாரு."

"ஏங்க, இதுக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போகணும். நான் ஆம்பளைங்க வார்டுங்க."

"கெடாதான் கண்ணு" என்றார் காசியம்மாள்.

உள்ளேயிருந்து ஜெனிஷா சிரிக்கும் சத்தம் கேட்டது. லியோன் இட்லித் தட்டை ஓரமாக வைத்தான். கை கழுவிவிட்டு வந்து கிடாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எங்கடா மேயப் போனே?" என்று அதனிடம் பேச்சுக் கொடுத்தான்.